கூரையில் முட்டை, சுவரில் ரொட்டி... ஓவியர் டாலியின் ஊர்களில் ஒரு சுற்று!

பார்சிலோனாவில் அதிவேக ரயில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் ஃபிகெரஸ் வந்துவிடும். ஸ்பெயினின் வடகிழக்கு மூலையில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஊர் இது. ஊரின் நடுவே ஒரு செந்நிறக் கட்டடம். அதன் உச்சியில் வரிசையாக ராட்சத வெள்ளை முட்டைகள். சுவர் முழுக்க ரொட்டி வடிவச் சிற்பங்கள். முதன்முறை பார்ப்பவர்களுக்கு, 'இது என்ன கூத்து?' என்றுதான் தோன்றும்.

உருகி வழியும் கடிகாரங்களை வரைந்த சால்வடார் டாலி, தன் சொந்த ஊரில் தனக்காக அமைத்துக்கொண்ட மியூசியம் இது.

டாலியின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் சொல், சர்ரியலிசம். 1924-ல் ஆந்த்ரே பிரெதான் என்ற பிரெஞ்சுக் கவிஞர் பாரிஸில் அறிக்கை வெளியிட்டுத் தொடங்கிவைத்த கலை இயக்கம் அது. பகுத்தறிவின் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டு, கனவும் ஆழ்மனமும் சொல்வதை அப்படியே எழுதுவது, வரைவது... இதுதான் அதன் அடிப்படை. 1929-ல் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார் டாலி. ஆனால், அவர் வரைந்த 'கனவுகள்' எங்கிருந்து வந்தன என்று தேடினால், பாரிஸில் விடை கிடைக்காது. ஃபிகெரஸைச் சுற்றியிருக்கும் சில ஊர்களில்தான் கிடைக்கும்.

அண்ணனின் பெயர்

டாலி பிறந்தது 1904 மே 11, ஃபிகெரஸில். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்புதான் அவரின் அண்ணன், குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனான். அவன் பெயரும் சால்வடார்தான். இறந்த பிள்ளையின் பெயரையே பிறந்த பிள்ளைக்கும் வைத்தார்கள் பெற்றோர். தன் அண்ணனின் நிழல் தன்மேல் விழுந்துகொண்டே இருந்ததாக டாலி பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1963-ல் 'இறந்த என் அண்ணனின் உருவப்படம்' என்றே ஓர் ஓவியம் வரைந்தார். எங்கே போனாலும் எல்லோர் கண்ணும் தன்மேல் இருக்க வேண்டும் என்று அவர் துடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்றைய மியூசியம், ஒருகாலத்தில் ஊரின் நாடக அரங்கம். பதின்வயதில் டாலியின் ஓவியங்கள் முதன்முதலில் காட்சிக்கு வைக்கப்பட்டது இங்கேதான். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் முடிவில், 1939-ல் அரங்கம் எரிந்தது. கூரை போனது, சுவர் மட்டும் மிஞ்சியது. 1960-களின் தொடக்கத்தில் ஊர் மேயர் டாலியிடம், ஊருக்காக ஓர் ஓவியம் கேட்டார். மியூசியமே தருகிறேன் என்றார் டாலி, அதுவும் இந்த எரிந்த கட்டடத்தில்! 1974 செப்டம்பர் 28-ல் அது திறக்கப்பட்டது.

உள்முற்றத்தில் ஒரு கறுப்பு கேடிலாக் கார். காசு போட்டால் காருக்கு உள்ளே மழை பெய்யும். ஒரு கூடத்தில் உதடு வடிவ சோஃபா, மூக்கு வடிவக் கணப்பு. படியேறி லென்ஸ் வழியாகப் பார்த்தால், அறையே நடிகை மே வெஸ்ட்டின் முகமாக மாறிவிடும். இன்னொரு பெரிய ஓவியத்தில், கிட்டத்தில் பார்த்தால் ஜன்னலோரம் நிற்கும் ஒரு பெண். தள்ளி நின்று மொபைல் கேமராவில் பார்த்தால் ஆபிரகாம் லிங்கன்!

பாறைகள் கற்றுக்கொடுத்த பாடம்

ஒரே பொருளில் இரண்டு உருவங்களைக் காட்டும் இந்த வித்தையை டாலி எங்கே கற்றார்? அதற்குக் கடற்கரைக்குப் போக வேண்டும். ஃபிகெரஸிலிருந்து பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையின் முடிவில், வெள்ளை வீடுகளோடு கடகேஸ் என்ற மீனவ ஊர். டாலி குடும்பத்தின் கோடை விடுமுறை இங்கேதான்.

கடகேஸுக்கு அப்பால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது காப் தெ கிரேயுஸ் முனை. வடக்கிலிருந்து வீசும் 'திரமோந்தானா' காற்றும் உப்பும் சேர்ந்து, அங்குள்ள பாறைகளை விசித்திரமாக அரித்துவைத்திருக்கின்றன. ஒரு பக்கம் பார்த்தால் ஒட்டகம். இரண்டடி நகர்ந்தால் வேறு ஏதோ. படகில் போகும் மீனவர்கள் பாறைகளுக்கு விலங்குகளின் பெயரையே வைத்திருந்தார்கள். சிறுவன் டாலி அதைப் பார்த்து வளர்ந்தவர்.

1931-ல் வரைந்த, 'நினைவின் நிலைப்பு' என்ற அந்தக் கடிகார ஓவியத்தை இப்போது கூகுளில் தேடிப் பாருங்கள். வலது மூலையில், வெயில் படும் மலைமுகடு தெரிகிறதா? அது கற்பனை இல்லை, இந்தக் கடற்கரை. நிலக்காட்சியை முதலிலேயே வரைந்துவைத்திருந்தார் டாலி. ஓர் இரவு, சாப்பாட்டு மேஜையில் இளகிக் கிடந்த காமம்பேர் சீஸைப் பார்த்த பிறகு, அதன்மேல் உருகும் கடிகாரங்களைச் சேர்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். நியூயார்க்கின் நவீன கலை மியூசியத்தில் இருக்கும் இந்த ஓவியத்தின் அளவு வெறும் 24-க்கு 33 செ.மீ. நேரில் பார்ப்பவர்கள், 'இவ்வளவு சின்னதா!' என்று வியப்பதுண்டு.

அப்பா விரட்டினார், மகன் பக்கத்திலேயே வந்தார்

1929-ல் அப்பாவுக்கும் மகனுக்கும் பெரும் சண்டை. கவிஞர் பால் எலுவாரின் மனைவி காலாவோடு டாலி பழகியது ஒரு காரணம். இறந்துபோன அம்மாவை அவமதிக்கும் வாசகத்தை ஓவியத்தில் எழுதியது இன்னொரு காரணம். 'வீட்டுப்பக்கமே வராதே' என்று துரத்திவிட்டார் நோட்டரியான அப்பா.

வேறு ஒருவராக இருந்தால் பாரிஸிலேயே தங்கியிருப்பார். டாலி அடுத்த ஆண்டே, கடகேஸிலிருந்து நடந்துபோகும் தொலைவில், போர்ட் யிகாட் என்ற குடாவில் ஒரு மீனவக் குடிசையை வாங்கினார். பிறகு, பக்கத்துக் குடிசைகளையும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் இருந்துவிட்டு, 1948-ல் இங்கேயே திரும்பினார். வாசலில் நகை அணிந்த பதம்செய்யப்பட்ட கரடி, படுக்கையிலிருந்தே சூரிய உதயம் தெரியும்படி கோணம் பார்த்து மாட்டிய கண்ணாடி, உட்கார்ந்தபடியே வரைவதற்காக ஏறி இறங்கும் சட்டகம்... எல்லாம் அப்படியே இருக்கின்றன.

இந்த வீட்டுக்கு இந்தியாவோடும் ஒரு தொடர்பு உண்டு. 1967-ல் ஏர் இந்தியா நிறுவனத்துக்காக ஓர் ஆஷ்டிரே வடிவமைத்துக் கொடுத்தார் டாலி. அதில் இருக்கும் அன்னத்தைத் தலைகீழாகப் பார்த்தால் யானைத் தலை! கூலியாக அவர் கேட்டது ஒரு யானைக்குட்டி. இந்தியாவிலிருந்து நிஜமாகவே அனுப்பி வைத்தார்கள்.

ரசிக்க முடியாத டாலியும் உண்டு. சர்வாதிகாரி ஃபிராங்கோவை வெளிப்படையாகப் புகழ்ந்தார். பண ஆசை பிடித்தவர் என்று பிரெதான் கேலி செய்தார். சர்ரியலிஸ்ட்டுகள் அவரை ஒதுக்கியும் வைத்தார்கள். கலையை ரசித்தாலும், இவற்றை மன்னிக்க முடியாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

காலியாக இருக்கும் கல்லறை

மனைவி காலாவுக்காகப் புபோல் கிராமத்தில் பழைய கோட்டை ஒன்றை வாங்கினார் டாலி. 'என் எழுத்துபூர்வ அழைப்பு இல்லாமல் வரக் கூடாது' என்பது காலா போட்ட நிபந்தனை. டாலியும் சம்மதித்தார். 1982-ல் காலா இறந்ததும், அழைப்பு தேவைப்படாத அந்த வீட்டுக்கே குடிபோனார். கடற்கரை வீட்டுக்கு அதன்பின் திரும்பவில்லை. 1984-ல் படுக்கையறையில் தீப்பிடித்து பலத்த காயமடைந்த பிறகு, ஃபிகெரஸ் மியூசியத்தை ஒட்டிய கட்டடத்தில் வாழ்ந்து, 1989 ஜனவரி 23-ல் இறந்தார்.

புபோல் கோட்டையில் இரண்டு கல்லறைகள். ஒன்றில் காலா. மற்றொன்று காலி! மியூசியத்திலேயே புதைக்கும்படி டாலி கடைசியாகத் தன்னிடம் சொன்னார் என்றார் அப்போதைய மேயர். அதன்படி, எரிந்துபோன அந்தப் பழைய அரங்கின் மேடைக்குக் கீழே, கண்ணாடிக் குவிமாடத்தின் அடியில் அடக்கம் செய்யப்பட்டார். தந்தைவழி வழக்கு ஒன்றுக்காக 2017-ல் கல்லறையைத் திறந்தபோது, அவரின் புகழ்பெற்ற மீசை கலையாமல் இருந்ததாகச் சொன்னார்கள். மரபணுச் சோதனையில், வழக்குத் தொடுத்தவர் அவர் மகள் இல்லை என்று முடிவானது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயம் இருப்பது மியூசியத்துக்கு எதிரே. பிறந்த வீடும் சில நிமிட நடைதான். போகிறவர்கள் போர்ட் யிகாட் வீட்டுக்கு முன்கூட்டியே டிக்கெட் பதிவு செய்துவிடுவது நல்லது; சிறு சிறு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். நேரம் இருந்தால், மியூசியத்துக்கு முன்பே காப் தெ கிரேயுஸ் பாறைகளைப் பார்த்துவிடுங்கள். அதன்பிறகு டாலியின் ஓவியங்கள் அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது!