மூக்கில்லாத வண்டி

போன ஆடியில், சங்கரன்கோவில் தபசுக்குப் புறப்பட்ட என்னைக் கோமதியம்மன் பனவடலிசத்திரத்திலேயே நிறுத்திவிட்டாள். அம்மன்மேல் பழி போடுவது சௌகரியம். உண்மையில் நிறுத்தியது என் அதிகப்பிரசங்கித்தனம்.

அப்பா விட்டுப்போன அம்பாசிடர் ஒன்று என்னிடம் இருக்கிறது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற சீமைக்காரி நம் தேசத்துக்கு வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, 2014 வரை உத்தரபாராவில் பெருக்கிய வம்சம் அது. 1,489 சி.சி. எஞ்சின், எஸ்.யு. கார்புரேட்டர். அதோடு சேர்ந்து, கறுப்பு வர்ணமடித்த தகர அண்டா மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். அடியில் எண்ணெய் ஊற்றி வைக்கிற ஏர் கிளீனர். அப்பா அதற்கு மாதா மாதம் எண்ணெய் மாற்றுவார். பூஜை அறைக்குக்கூட அவ்வளவு சிரத்தை கிடையாது.

பட்டணத்தில் எனக்கு ஒரு சிநேகிதர். பழைய மோட்டார்ப் பித்து. "இந்த அண்டாவைத் தூக்கி எறியும் ஐயா! எஞ்சின் கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்றார். உள்ளங்கையகலக் கம்பிவலை மூடி ஒன்றை மாட்டினார். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டுமென்று கார்புரேட்டர் ஊசியையும் மாற்றினார்.

அந்த ஊசிதான் எஸ்.யு.வின் உயிர். மேலே ஒரு கிண்ணத்துக்குள் பிஸ்டன் ஒன்று தொங்குகிறது. எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச அது எழும்பும். அதன் அடியிலுள்ள கூம்பிய ஊசியும் கூடவே எழும்பி, பெட்ரோல் துவாரத்தை வேண்டிய மட்டும் திறந்துவிடும். இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் என்ற இங்கிலீஷ்காரர் செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. முதலில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்திதான் வைத்தாராம், குலத்தொழில் போகுமா? 1926-ல் மாரிஸ் அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டார். சோலெக்ஸ் வேறு ஜாதி. அதில் அளவெடுத்த ஜெட்டுகள், நம்பர் பார்த்து மாற்றினால் தீர்ந்தது. எஸ்.யு.வோடு மல்லுக்கட்ட மாட்டாமல் சோலெக்ஸுக்கு மாறியவர்களை நான் அறிவேன்.

நான் மாறவில்லை. அண்டா போனதும் வண்டி 'ஹோ'வென்று உறுமியது. ஆஹா, என்ன வேகம் என்று பூரித்துப்போனேன்.

தேவர்குளம் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று அது; அம்மியை விட்டுவைத்தாலும் புழுதியை விட்டுவைப்பதில்லை. வண்டி இருமியது, கறுப்பாகப் புகைந்தது, பனவடலியில் படுத்துவிட்டது. வடலி என்றால் இளம்பனை. அன்று அதன் நிழலில்தான் எனக்கு ஞானோபதேசம்.

உபதேசித்தவர் சாலையோரத்து மெக்கானிக். என்னைவிட மூத்தவராக இருக்கலாம். இருந்தாலும் நான் அவருக்கு அண்ணாச்சி, அவர் எனக்கு அண்ணாச்சி. திருநெல்வேலிச் சீமையில் இது சௌகரியம். பானெட்டைத் திறந்ததும், "என்ன அண்ணாச்சி, மூக்கை அறுத்துட்டுல்லா வந்திருக்கீக!" என்றார்.

கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டார். 'டொக்'கென்று விழவேண்டியது பாதியில் நின்றது. புழுதி பிடித்திருந்தது. கழற்றிப் பெட்ரோலில் கழுவினார். நான் உப்புக்காகிதம் எடுத்து நீட்ட, கையைத் தட்டிவிட்டார். "தேய்ச்சா அளவு போயிரும். துணி போதும்." மேலே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். டொக்!

எனக்குச் சந்தோஷம். அவருக்கு இல்லை. காற்றுக் குழாய்க்குள் விரலை விட்டுத் துழாவி வெளியே எடுத்தார். விரல் நுனியில் செம்மண் சேறு.

"இது அரம் அண்ணாச்சி. உள்ள போயி ரிங்கைத் தின்னிருக்கும்."

பிளக்கைக் கழற்றி அழுத்தம் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் சோர்ந்திருந்தது. அப்பா காலத்தில் ஒரே ஒரு தடவை ரீபோர் செய்த எஞ்சின்! நான் வாய் பேசாமல் நின்றேன்.

கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அந்தக் காற்றிலுள்ள மண்ணை அண்டா எப்படித் தடுத்தது? உள்ளே இறங்கும் காற்று எண்ணெயின்மேல் மோதி, சடாரென்று திரும்பி மேலேறுகிறது. காற்று திரும்பும், கனத்த புழுதிக்குத் திரும்பத் தெரியாது, எண்ணெயில் விழுந்துவிடும். மிச்சத்தை எண்ணெய் நனைந்த வலை பிடித்துக்கொள்ளும். இவ்வளவுதான் சூட்சுமம். அதைக் கழற்றித்தான் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டிருந்தேன்.

கொட்டகைக்குப் பின்னால் உடைந்து கிடந்த அம்பாசிடரிலிருந்து ஓர் அண்டாவை எடுத்துவந்து மாட்டினார் அண்ணாச்சி. ஊசியைத்தான் அவரால் மாற்ற முடியவில்லை. ஜெட்டின் திருகைக் கொஞ்சம் ஏற்றி, "ஊருக்குப் போயி பழைய ஊசியைப் போடுங்க" என்றார். கூலி கேட்கக் கூச்சப்பட்டார், கொடுத்தேன்.

புறப்பட்டதும் உறுமல் போய்விட்டது. வேகமும் போயிற்றென்று நினைத்து முள்ளைப் பார்த்தேன். முன்பு எங்கே நின்றதோ, அங்கேயேதான் நின்றது.

தபசுக் காட்சிக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு புற்றுமண் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

ரிங் வேலை இன்னும் ஆகவில்லை. காலையில் கிளப்பினால் நீலப்புகை வருகிறது. மாதமொன்று கழித்து அண்டாவைத் திறந்தேன். எண்ணெய்க்கு அடியில் விரற்கடை உயரத்துக்குச் சேறு. மேலே கரிசல், கீழே செம்மண். வழித்தெடுத்து முருங்கை மரத்தடியில் போட்டேன்.