மாத்திப் பாரு

ரிச்சி தெருவில் சிபியுவைத் தூக்கிக்கொண்டு நடப்பவனை யாரும் சும்மா விடுவதில்லை. "சார், ரேமா? எஸ்எஸ்டியா? பழசு குடுத்துப் புதுசா?" என்று கேசினோ தியேட்டர் பக்கத்தில் தொடங்கிய குரல்கள் நரசிங்கபுரம் தெரு வரை கூடவே வந்தன. என் சிபியுவில் இருந்த கோளாறை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம். எல்லாம் ஓடுகிறது, ஆனால் மெதுவாக ஓடுகிறது. இதற்கு யாராவது மவுண்ட் ரோடு வரை வருவார்களா?

அப்பா எடுத்த படங்களின் நெகட்டிவ்களை எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். மொத்தம் 180 ஜிபி. அதை வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. அதே டிஸ்க்கை நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டால் அரை மணி நேரத்தில் முடிகிறது. எங்கள் ஏரியா சர்வீஸ் கடையில் காட்டினேன். பத்து நிமிடத்தில் "போர்டு போச்சு சார், மாத்திடலாம்" என்று தீர்ப்பு வந்தது. பத்திரிகை நண்பர் ஒருவர்தான் ரிச்சி தெருவின் இந்த மாடிக் கடையைச் சொன்னார். சரிசெய்வதோடு, இந்த வேலையைப் பற்றி எழுத இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று அனுமதி கேட்டேன். "பாருங்க, ஆனா டேபிளை ஆட்டாதீங்க" என்றார் கடைக்காரர்.

அவரைத் தெருவே பாய் என்றுதான் கூப்பிடுகிறது. ஐம்பது தாண்டியவர். பதினாறு வயதில் ரேடியோ வேலைக்கு வந்தவர். டிரான்சிஸ்டரும் வால்வும் எடைபோட்டு வாங்கிய காலம் அவருக்கு நினைவிருக்கிறது. பத்தடிக்கு எட்டடி அறை. மூன்று மேசை, வட்ட விளக்கு பொருத்திய ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ஹாட் ஏர் மெஷின். ஃப்ளக்ஸ் புகை அறையிலேயே சுற்றுகிறது. டேபிள் ஃபேனை வைத்தால் ஈயம் சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் சால்டரிங் நேரத்தில் அதையும் அணைத்துவிடுகிறார்கள். சால்டரிங் மேசைக்கு உரியவர் ஓர் அக்கா. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, தினமும் திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிறார். மூன்றாவது ஆள், ஆரணியிலிருந்து வந்து எட்டு மாதமாக வேலை பழகும் தம்பி.

என் சிபியுவை யாரும் திறக்கவில்லை. அதுவே எனக்கு முதல் ஆச்சரியம். ஸ்க்ரூ டிரைவர் மேசையில் கிடக்க, பாய் கேள்விகளை எடுத்தார். "முன்னாடி சொருகினீங்களா, பின்னாடியா?" முன்னாடி. "வேற வயர்ல பார்த்தீங்களா?" இல்லை. "எப்பவுமே ஸ்லோவா, நடுவுல ஆச்சா?" யோசித்துப் பார்த்தேன். போன வருடம் ஒரு சர்வீஸுக்குப் பிறகுதான். இதைச் சொன்னதும் அக்கா தலையைத் தூக்கிப் பாயைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

"தம்பி, மாத்திப் பாரு."

இந்த இரண்டு சொல்லை அந்த இரண்டு நாளில் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன். கடையில் சிவப்பு டேப் சுற்றிய எஸ்எஸ்டி ஒன்றும், அதே டேப் சுற்றிய வயர் ஒன்றும் உண்டு. இரண்டும் நல்லவை என்று தெரிந்தவை. பக்கத்துக் கடைக்காரர் கேட்டாலும் இரவல் கிடையாது. தம்பி அந்த எஸ்எஸ்டியை அந்த வயரால் பின்பக்க நீல யுஎஸ்பி வாயில் செருகினான். நொடிக்கு 410 எம்பி. முன்பக்க நீல வாயில் செருகினான். 38. ஆக டிஸ்க் நல்லது, வயர் நல்லது, போர்டும் சாகவில்லை. கோளாறு முன்பக்கத்துக்கும் போர்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. மூன்று நிமிடத்தில் சந்தேகம் ஒரு சாண் வயருக்குள் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூவைக் கழற்றினார்கள்.

அந்த 38 என்ற எண்ணைப் பார்த்ததுமே பாய்க்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2000-இல் வந்த யுஎஸ்பி 2.0-வின் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 எம்பி. நடைமுறையில் முப்பதிலிருந்து நாற்பதுக்குள்தான் கிடைக்கும். 2008-இல் வந்த 3.0-வின் வேகம் 5 ஜிகாபிட், பத்து மடங்குக்கு மேல். பழைய வாயில் 4 தொடுமுனைகள். நீல வாயில் அந்த நான்கோடு புதிதாக 5. அந்த ஐந்தில் எங்காவது தொடர்பு விட்டால் கம்ப்யூட்டர் அழுவதில்லை, எரர் காட்டுவதில்லை. சத்தமில்லாமல் பழைய நான்கில் ஓட ஆரம்பித்துவிடும். இது இந்தத் தொழில்நுட்பத்தின் பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மைதான் மெக்கானிக்கின் தலைவலியும். செத்துப்போன பொருளைக் கண்டுபிடிப்பது சுலபம். அரை உயிரோடு நடமாடுவதைப் பிடிப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் அக்கா டார்ச்சை அடித்தார். முன்பக்க வாயிலிருந்து வரும் தடித்த வயரின் தலையில் 19 துளைகள். அது போர்டில் உள்ள 19 பின் ஹெடரில் உட்கார வேண்டும். என் கம்ப்யூட்டரில் அந்த ஹெடர் காலியாக இருந்தது. வயரின் தலையில் ஒரு சின்ன அடாப்டரை மாட்டி, பக்கத்தில் உள்ள 9 பின் பழைய ஹெடரில் செருகி வைத்திருந்தார்கள். வெளியே வாய் நீலம், உள்ளே வழி பழசு. ஏன் அப்படி? காலி ஹெடரைக் காட்டினார். ஒரு பின் படுத்துக் கிடந்தது. போன வருட சர்வீஸில் யாரோ வயரை நேராக இழுக்காமல் சாய்த்துப் பிடுங்கியிருக்கிறார்கள். பின் மடங்கியிருக்கிறது. வாடிக்கையாளரிடம் சொல்வதற்குப் பதில் அடாப்டரைப் போட்டு மூடிவிட்டார்கள். பென்டிரைவ் ஓடுகிறது, நானும் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா எடுத்த கருவியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பள்ளிப் பிள்ளைகளின் மைக்ரோடிப் பென்சில், உள்ளே குச்சி இல்லை. அதன் நுனித் துளையை மடங்கிய பின்னின் மேல் கோத்து, மூச்சை அடக்கி, நெல் முனை அளவுக்கு நிமிர்த்துவார். நிறுத்துவார். இன்னும் கொஞ்சம். "ஒரே தடவைல தூக்கினா முறிஞ்சிடும் சார். முறிஞ்சா நிஜமாவே போர்டு போச்சு." ஏழு நிமிடம் ஆனது. தம்பி சிவப்பு டேப் எஸ்எஸ்டியை முன்பக்கம் செருகினான். 405.

400 ரூபாய் என்றார் பாய். பென்சிலால் ஒரு கம்பியை நிமிர்த்தியதற்கா என்று ஒரு கணம் என் மனசு கேட்டது. கேட்டது என்றுதான் எழுத வேண்டும். இந்த வேலையைப் பற்றி எழுத வந்தவனுக்கே அப்படித் தோன்றியது.

மதியத்துக்கு மேல் எண்ணூர் பக்கமிருந்து ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் வந்தார். அவருடையது இன்னும் மோசம். 4 ஜிபி கல்யாண ஆல்பம் பென்டிரைவில் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதாவது நொடிக்கு 1 எம்பி. தம்பி ஒரு சிறு மென்பொருளைத் திறந்து, எந்த வாயில் எது என்ன வேகத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று காட்டினான். திரையில் 'ஃபுல் ஸ்பீடு' என்று இருந்தது. ஸ்டூடியோக்காரருக்குக் கோபம். "முழு வேகம்னு அதுவே சொல்லுதேப்பா!"

அவர் மேல் தப்பில்லை. யுஎஸ்பிக்குப் பெயர் வைத்தவர்களைத்தான் நிறுத்திக் கேட்க வேண்டும். ஃபுல் ஸ்பீடு என்பது 1996-இல் வந்த 12 மெகாபிட். ஹை ஸ்பீடு 480. சூப்பர் ஸ்பீடு 5,000. போதாததற்கு 3.0-வையே பிற்பாடு 3.1 ஜென் 1 என்றார்கள், அப்புறம் 3.2 ஜென் 1 என்றார்கள். ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர். இந்த இணைப்பை உருவாக்கிய இன்டெல் குழுவின் தலைவர் அஜய் பட், வடோதராவில் படித்தவர். இருபுறமும் செருகும்படி செய்திருந்தால் வயரும் செலவும் இரட்டித்திருக்கும் என்று பின்னாளில் விளக்கம் சொன்னார். அதை ஒத்துக்கொள்ளலாம். பெயர்க் குழப்பத்துக்கு அப்படி ஒரு சமாதானமும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டூடியோக்காரரின் கம்ப்யூட்டர் வாயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது தாமிர முனைகளில் பச்சை பூத்திருந்தது. கடற்காற்று. அக்கா பழைய டூத் பிரஷ்ஷை ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) திரவத்தில் நனைத்துத் தேய்த்தார். உலர்ந்ததும் வேகம் ஏறியது. பென்டிரைவைக் கொஞ்சம் அசைத்தால் மறுபடி 1. "உள்ள லூஸ்" என்றார். போர்டின் அடிப்பக்கத்தைத் திருப்பினால், டேட்டா செல்லும் ஒரு காலைச் சுற்றியிருந்த ஈயத்தில் மயிரிழை வட்டமாக ஒரு விரிசல். நாளைக்கு இருபது பென்டிரைவ் செருகிப் பிடுங்கும் கடை அது. இந்தச் செவ்வக வாய்க்கு 1,500 தடவை செருகல்தான் கணக்கு. மூன்று மாதத்தில் அது முடிந்துவிடும். ஃப்ளக்ஸ் வைத்து, பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, புதிதாக ஒரு பொட்டு. அசைத்துப் பார்த்தார். நிற்கிறது.

மற்றவை சில்லறைக் கேஸ்கள். ஜெராக்ஸ் கடைப் பையன் ஒருவனின் பென்டிரைவ் எடுத்தவுடன் பாய்ந்து, அரை நிமிடத்தில் படுத்துவிடுகிறது. அது பென்டிரைவின் குணம், வாய்க்குச் சம்பந்தமில்லை. அதில் முப்பதாயிரம் குட்டிக் கோப்புகள் வேறு. "அரிசி மூட்டையைத் தூக்கறது வேற, சிந்தின அரிசியைப் பொறுக்கறது வேற" என்று பாய் அனுப்பிவிட்டார். காசு வாங்கவில்லை. அகலமான இரட்டைத் தலை வயர் போட வேண்டிய ஹார்ட் டிஸ்க்கில், பழைய மொபைல் சார்ஜர் வயரைப் பாதித் துளையில் செருகி வந்தார் ஒருவர். அதுவும் ஓடும், 2.0 வேகத்தில். டிஸ்க் போட்டால் வயர்லெஸ் மவுஸ் திக்குகிறது என்ற பெண்ணுக்கு, மவுஸின் டாங்கிளை டிஸ்க்கிலிருந்து தள்ளிப் போடச் சொன்னார்கள். 3.0 வயர் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். இன்டெல்லே 2012-இல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைப் படித்தீர்களா என்று பாயிடம் கேட்டேன். "ரேடியோ ரிப்பேர் பண்ணவனுக்கு இரைச்சலைப் படிக்கணுமா சார்" என்றார்.

மெதுவாகச் செருகினால் வேகம் குறையும் என்று தம்பி சொன்னபோது என்னைக் கலாய்க்கிறான் என்றே நினைத்தேன். செய்து காட்டினான். பயந்து பயந்து நுழைத்தால் பழைய நான்கு முனைகள் மட்டும் முதலில் தொட்டு, கம்ப்யூட்டர் அதை 2.0 என்று பதிந்துகொள்கிறது. பிறகு முழுக்கச் செருகினாலும் சில சமயம் பதிவு மாறுவதில்லை. பிடுங்கி, சட்டென்று செருகினான். சூப்பர் ஸ்பீடு.

ஸ்டூடியோக்காரர் பில்லைப் பார்த்து முகம் சுளித்தார். "பார்ட்ஸே போடலையே பாய்?" 500-இல் தொடங்கி 300-க்கு வந்தது. அவர் இறங்கிப் போனதும் பாய் சொன்னார்: "போர்டு மாத்தினேன்னு நாலாயிரம் கேட்டிருந்தா பேரம் பேசாம குடுத்திருப்பாரு." கோபமாகச் சொல்லவில்லை. பில் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். பொருள், எண்ணிக்கை, விலை என்று மூன்று கட்டங்கள் அச்சடித்திருந்தன. கண்டுபிடித்ததை எழுத அதில் இடமில்லை. 'பொருள்' கட்டத்தில் 'சர்வீஸ்' என்று எழுதி, எண்ணிக்கையில் ஒரு கோடு போடுகிறார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் அக்கா கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஒரு செத்த போர்டைத் தம்பி முன்னால் வைத்தார். அதன் 19 பின் ஹெடரில் ஒரு பின்னை அவரே மடக்கினார். மைக்ரோடிப் பென்சிலை நீட்டினார். தம்பி நுனியைக் கோத்தான், தூக்கினான், பின் வளைந்து மறுபக்கம் சாய்ந்தது. திரும்பவும் தூக்கினான். மூன்றாவது தடவை டிக் என்று ஒரு சின்னச் சத்தம்.

"அடுத்த பின்னை எடு" என்றார் அக்கா. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆறே முக்கால் வண்டியை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.