ஊட்டும் முட்டைகள்

மெல்லுடலிகளைப் பற்றிப் படித்தபோதுதான் பக்சினம் என்னும் பேரினம் எனக்கு அறிமுகமாயிற்று. வட கடல்களின் குளிர்ந்த நீரில் வாழும் நத்தைகள் இவை. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட பக்சினம் அண்டேட்டம் இவற்றுள் ஒன்று. பிரிட்டன், ஐஸ்லாந்து மீனவர்கள் இதைப் பிடித்து விற்கிறார்கள்.

இதன் தாய், தோல் போன்ற சிறு பைகளில் முட்டையிட்டு, அவற்றைப் பந்துபோல் பாறையில் ஒட்டி வைக்கிறது. அந்தப் பந்தால் அக்கால மாலுமிகள் கை கழுவினார்களாம்! ஒவ்வொரு பையிலும் பல நூறு முட்டைகள். ஆனால், நூற்றுக்கு ஒன்று அளவே குஞ்சாகிறது. மற்றவை அந்தக் குஞ்சுக்கு உணவு. அவற்றை விழுங்கி வளர்ந்து, சில மாதங்களில் ஓட்டுடன் சிறு நத்தையாகவே அது வெளியே ஊர்ந்து வருகிறது.

இதைப் படித்ததும் அக்காவின் நினைவு வந்தது. என்னைவிட நன்றாகப் படித்தவள். எட்டாம் வகுப்பு முடித்ததும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அவள் கூலியில்தான் என் கல்லூரிக் கட்டணம், பேருந்துச் செலவு, இந்தப் பாடநூல் எல்லாம்.

அன்று மாலை அக்காவிடம் நத்தையின் கதையைச் சொன்னேன். பேசாமல் கேட்டவள், "மத்த முட்டைககிட்ட யாராவது சம்மதம் கேட்டாங்களா, தம்பி?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை.

நண்பர்களே, முட்டைக்கு வேறு வழியில்லை. அக்காவுக்கு இருந்தது, நாங்கள்தான் அடைத்துவிட்டோம். இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத அவளுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். இரவில் இருவரும் ஒரே விளக்கில் படிக்கிறோம். கணக்கில் இப்போதும் அவள்தான் என்னைத் திருத்துகிறாள்.