நாலரை மணி நேரக் கணக்கு



நேற்று பேத்தி போனில், "தாத்தா, சிங்கப்பூருக்கும் பெங்களூருக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். ஆகாய மார்க்கமாகச் சுமார் 3,200 கி.மீ., விமானத்தில் நாலரை மணி நேரம் என்றேன். பழக்கம் விடவில்லை, ஒரு கணக்கும் போட்டேன். அங்கே இரவு 8 மணிக்கு ஏறினால் இங்கே 10 மணிக்கு இறங்கலாம். அப்படியானால் பயணம் 2 மணி நேரம்தானா? சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதையும் கூட்டினால் நாலரை. திரும்பும்போது இரவு 11 மணிக்கு ஏறினால் இறங்கும்போது காலை 6 ஆகியிருக்கும். பேத்தி சரியாகச் சொல்லிவிட்டாள்.

ஆனால் இதே கணக்கில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2019 ஜூலையில் உங்கள் வாத்தியார் வீட்டு அம்மா காலமானபோது மணி காலை 6. உடனே மகனுக்குச் சொன்னேன். ஐந்தாம் வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே தூரத்தை வேகத்தால் வகுத்தேன். 3,200-ஐ 800-ஆல் வகுத்தால் 4. விமானத்துக்கு முன்னால் 2 மணி நேரம், இறங்கியபின் காரில் 4 மணி நேரம். மொத்தம் 10. "சாயங்காலம் நாலு மணிக்கு வந்துடுவான்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

டிக்கெட் கிடைக்க வேண்டுமே, அதை நான் கூட்டவில்லை. அவனுக்குக் கிடைத்தது அங்கே இரவு 8 மணி விமானம். இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து வெளியே வர 11. தேவனஹள்ளியிலிருந்து பெங்களூரைத் தாண்டி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக நம் ஊர் வந்து சேர விடியற்காலை 3 ஆகிவிடும்.

நாலு மணி என்று நம்பி வந்த சனம் வாசல் நிறைய நின்றது. "பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம் மாமா, சொன்ன நேரம் தாண்டிடுச்சு" என்றார்கள். ஐஸ் பெட்டி இருந்தது, ஓர் இரவு வைத்திருக்கலாம். வாத்தியார் சொன்ன நேரம் தப்பிவிட்டதே என்ற கூச்சத்தில் தலையாட்டிவிட்டேன். ஐந்து மணிக்கு இங்கே தூக்கியபோது அவன் அங்கே விமானம் ஏறும் வரிசையில் நின்று போனில் முகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு வந்தவன் பெட்டி இருந்த இடத்தில் உட்கார்ந்தான். "ஏம்பா, ஒரு ராத்திரிதானே?" என்று மட்டும் கேட்டான். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சென்னையிலிருந்து எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடிய காலத்தில் சிங்கப்பூர் போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு வாரம். தந்தி கிடைத்தாலும் வர வழியில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இப்போது விமானம் இருப்பதால் வந்துவிடலாம் என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு நாம்தான் இடம் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்குப் போடுங்கள். நாலரை மணி நேரம் என்பது குறைந்தது 12 மணி நேரம். பெற்றவர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் அப்போதே ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

ஊரில் இருக்கும் உறவுகளே, பிள்ளை வரும்வரை காத்திருங்கள். எனக்கு நேரம் வரும்போதும் அப்படியே செய்யுங்கள். மகனிடமும் நேற்றே சொல்லிவிட்டேன்.

உங்கள் கணக்கு வாத்தியார்,
கம்பைநல்லூர்