எஸ்.ஏ.டி. வராந்தாக் குறிப்புகள்

நாகர்கோவிலை ஒட்டி ஆசாரிப்பள்ளத்திலேயே மெடிக்கல் காலேஜ் இருக்கிறது. ஆனாலும் குறைமாதப் பிள்ளை என்றதும் எங்கள் வீட்டைப் போலச் சிலருக்குத் திருவனந்தபுரம்தான் ஞாபகம் வரும். 1956 வரை இரண்டு ஊரும் ஒரே மாநிலம்தானே. அங்கே ஒரே வளாகத்தில் தாய்சேய் ஆஸ்பத்திரி எஸ்.ஏ.டி., இதயத்துக்கும் மூளைக்கும் ஸ்ரீசித்திரா, புற்றுநோய்க்கு ஆர்.சி.சி.; மூன்று வாசலிலும் குமரி மாவட்டத் தமிழ் கேட்கும்.

*

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பெயர் கிடையாது. அம்மா பெயருக்கு முன்னால் 'பேபி ஆஃப்', அவ்வளவுதான். கதவு திறந்து நர்ஸ் தலை தெரிந்தால் வராந்தா முழுக்க எழுந்து நிற்கும்.

*

சுமார் 34 வாரம் ஆகும்வரை சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் பிள்ளைக்குச் சேர்ந்து வராது. அதனால் முதலில் குழாய், பிறகு பாலாடை, அப்புறம்தான் மார்பு. அதுவரை தாய் கையால் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. ராத்திரி விட்டால் சுரப்பே குறையும். முதல் நாள் கிண்ணத்தின் அடியில் மஞ்சளாக நாலு சொட்டுச் சீம்பால் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து "இவளுக்குப் பாலே இல்லையே" என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. பால் வற்றுவதற்குப் பாதிக் காரணம் சொந்தக்காரர் வாய் என்பது என் கட்சி.

நடுராத்திரி அவளை எழுப்ப, கிண்ணம் கழுவ, சுக்குவெள்ளம் வாங்கி வர ஓர் ஆள் வேண்டும். எங்களுக்குச் சித்தி இருந்தாள். தாயைப் பார்த்துக்கொண்டால் பாதிப் பிள்ளையைப் பார்த்த மாதிரி என்பாள்.

*

கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிறந்தது. பிள்ளையை வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2021-இல் வந்தது; டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதில் உண்டு. எடை குறைந்த பிள்ளைகளுக்குப் பிறந்த உடனே இதைத் தொடங்கியதில் இறப்பு கால்வாசி குறைந்தது. நாளுக்கு 8 மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள். வயிற்றில் தையலோடு இருப்பவள் தனியாக எப்படி முடிப்பாள்? அப்பா நெஞ்சும் ஆகும், பாட்டி நெஞ்சும் ஆகும். சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்ட எங்கள் மாப்பிள்ளை, பிள்ளையைக் கிடத்தியபின் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குடும்பத்தையும் பராமரிப்பில் சேர்க்கச் சொல்லி மத்திய அரசு 2017-இலேயே வழிகாட்டுதல் போட்டுவிட்டது. இன்னும் பல ஊர்களில் அப்பா கண்ணாடிக்கு வெளியேதான். கை கழுவக் கற்றுக்கொடுத்து உள்ளே விடுவதில் என்ன கஷ்டமோ.

*

சேனை தொடுவது, வசம்பு, கிரைப் வாட்டர் எதுவும் கூடாது. இதை டாக்டர் வாயால் பாட்டிக்குச் சொல்லவைப்பது உத்தமம். மருமகள் சொன்னால் வேறு கதை ஆகும்.

*

மத்தியானம் டி.ஒய்.எஃப்.ஐ. வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் பொதிச்சோறு. யார் வீட்டு அம்மா கட்டியதோ, வாழையிலை வாசத்தோடு இருக்கும்.

*

"எடை கூடிச்சா மக்ளே?" ஊரிலிருந்து வரும் போனெல்லாம் இதே கேள்விதான். முதல் வாரம் எடை குறையத்தான் செய்யும். பழைய எடைக்குத் திரும்ப இரண்டு வாரம்கூட ஆகலாம். போன் எடுக்க வீட்டில் ஒருவரை நியமித்துவிடுங்கள். அது தாயாக இருக்க வேண்டாம்.

*

34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைந்திருந்தாலோ, 30 நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதித்தாக வேண்டும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் சீட்டில் தேதி எழுதித் தருவார்கள். வீட்டுக்கு வந்தாயிற்றே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.