டவுன் டு பாளை... ஒரு டவுன் பஸ் பாடம்!

நெல்லைக்கு வந்தா என்ன பண்ணுவீங்க? நெல்லையப்பரைக் கும்பிட்டுட்டு, சாயங்காலம் இருட்டுக்கடை க்யூவுல நின்னு அல்வா வாங்கிட்டு, அப்படியே குற்றாலத்துக்கோ பாபநாசத்துக்கோ எஸ்கேப் ஆயிடுவீங்க. இந்தத் தடவை ஒரு சேஞ்சுக்கு என்கூட டவுன் பஸ்ல வாங்க. டவுன்ல ஏறி, ஜங்ஷன் வழியா, தாமிரபரணியைத் தாண்டி பாளையங்கோட்டையில இறங்குறோம். தூரம் கம்மிதான். ஆனா, விஷயம் நிறைய இருக்கு!

வராத பஸ்ஸும் சேர்ந்து வர்ற பஸ்ஸும்

முதல் வேலை, ஸ்டாப்புல நிக்கிறது. நின்னு பாருங்க... ரொம்ப நேரம் ஒண்ணுமே வராது. அப்புறம் ஒண்ணு பின்னால ஒண்ணா ரெண்டு வரும்! முதல் பஸ்ல படிக்கட்டு வரைக்கும் கூட்டம், ரெண்டாவதுல ஜன்னல் சீட்டே காலி. “ஏல, படியில தொங்காத... பின்னால ஒரு வண்டி காலியா வருதுல்லா!”ன்னு கண்டக்டர் அண்ணாச்சி தொண்டை கிழியக் கத்துவார். நம்ம ஆளுங்க கேக்கவா போறாங்க?

இது யாரோ வேணும்னு பண்றது இல்லீங்க. போக்குவரத்து ஆராய்ச்சியில ரொம்பப் பழைய சப்ஜெக்ட் இது. முன்னால போற பஸ் ஒரு சிக்னல்ல கொஞ்சம் லேட் ஆச்சுன்னா, அடுத்த ஸ்டாப்புல வழக்கத்தைவிட அதிகம் பேர் காத்திருப்பாங்க. அவங்க ஏறி முடிக்க இன்னும் லேட். பின்னால வர்ற பஸ்ஸுக்கோ ஏத்த ஆளே இருக்காது. அது சல்லுனு வந்து முன்னால போறதோட பம்பரை முட்டி நிக்கும். உலகம் பூரா எல்லா ஊர் பஸ்ஸுக்கும் இதே வியாதிதான்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 10 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு சீரா பஸ் வந்தா, நீங்க சராசரியா 5 நிமிஷம் காத்திருப்பீங்க. அதே பஸ்களே ரெண்டு ரெண்டா 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தா? சராசரி 10 நிமிஷம்! ஒரு மணி நேரத்துல வர்ற பஸ் அதே ஆறுதான். ‘எத்தனை ட்ரிப்’னு மட்டும் பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்குத்தான் காத்திருப்பு டபுள். இதுல இன்னொரு வேதனை... பஸ்ல உட்கார்ந்து போற நிமிஷத்தைவிட, ரோட்டுல நிக்கிற நிமிஷம் மனசுக்கு ஒன்றரை, ரெண்டு மடங்கு நீளமாத் தெரியுதுன்னு பல நாட்டு ஆய்வுகள் சொல்லுது. நெல்லை வெயில்ல நின்னு பார்த்தவங்களுக்கு இதைச் சொல்ல ஆய்வே வேண்டாம்!

ரெண்டு மாடி பாலம்

ஏறியாச்சா? பஸ் எஸ்.என். ஹைரோட்டைத் தாண்டி ஈரடுக்கு மேம்பாலத்துல ஏறுது. பேரு திருவள்ளுவர் பாலம். 1970-களின் தொடக்கத்துல, ரயில் பாதைக்கு மேல கட்டினது. மேல் அடுக்குல பஸ், லாரி, கார். கீழ் அடுக்குல சைக்கிள், டூ வீலர், நடந்து போறவங்க. வேகமாப் போறதையும் மெதுவாப் போறதையும் பிரிச்சுவிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி. அந்தக் காலத்துலயே யோசிச்சிருக்காங்க பாருங்க!

ரோட்டுல எது எவ்வளவு இடம் அடைக்குதுன்னு அளக்க, இன்ஜினீயர்கள் காரை ஒரு அலகா வச்சுக்குவாங்க. பைக்னா சுமாரா அரை கார். பஸ்னா சுமாரா மூணு கார். 60 பேர் ஒரு பஸ்ல போனா மூணு கார் இடம் போதும். அதே 60 பேர் 30 பைக்ல டபுள்ஸ் போனா 15 கார் இடம்! ‘பைக்கை வித்துடு மச்சி’ன்னு நான் சொல்லல. ஆனா, பைக் வாங்கினவங்க எல்லாருமே ஆசைப்பட்டு வாங்கல, பஸ்ஸுக்குக் காத்திருந்து நொந்துபோய் வாங்கினவங்களும் உண்டு. பைக் கூடக் கூட நெரிசல் கூடும். நெரிசல் கூடினா பஸ் இன்னும் லேட். அப்புறம் இன்னும் நாலு பேர் ஷோரூமுக்குப் போவாங்க.

ஜங்ஷன்ல ஒரு தோழி

பாலம் இறங்கினா ஜங்ஷன். இங்கே இருந்த பெரியார் பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்காக 2018 கடைசியில மூடி இடிச்சாங்க. புதுசு திறக்க அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு பேட்ச் ஸ்டூடன்ட்ஸ் காலேஜ்ல சேர்ந்து, டிகிரி முடிச்சு, வேலைக்கே போயிருப்பாங்க. அதுவரைக்கும் ரோட்டோரம்தான் பஸ் ஸ்டாண்ட்!

என் கிளாஸ்மேட் ஒருத்தி. ஆத்தோரக் கிராமம். பாளையிலேர்ந்து டவுன் பஸ்ல வந்து, அவ ஊர் பஸ்ஸை மாறிப் பிடிக்கணும். டவுன் பஸ் பத்து நிமிஷம் லேட் ஆனா ஊர் பஸ் போயிடும். அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சு. இருட்டிடும். அவங்க அம்மா டார்ச் லைட்டோட ஊர் ஸ்டாப்புல வந்து நிப்பாங்க. “பொழுது சாயறதுக்குள்ள வரலைன்னா காலேஜே வேண்டாம்”னு அப்பா சொல்லிட்டார். அதனால கடைசி ஹவரைத் தினமும் கட் அடிச்சா. சினிமாவுக்கு இல்லீங்க, வீட்டுக்குப் போக! எங்களுக்கு பிளேஸ்மென்ட் டிரெயினிங் நடந்தது சாயங்காலம் நாலு மணிக்கு மேல. எங்களைவிட நல்லாப் படிக்கிறவ அதுல ஒரு நாள்கூட உட்காரல. 2021 மே மாசத்திலேர்ந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெரிய விஷயம். ஆனா, அவளுக்குத் தடையா நின்னது டிக்கெட் காசு இல்லை, அந்தப் பத்து நிமிஷம்.

முதலியார் கட்டின பாலம்

இதோ... தாமிரபரணி! ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புங்க. நாம போறது சுலோசன முதலியார் பாலம். 1843 நவம்பர்ல திறந்தது. அதுக்கு முன்னாடி அக்கரை போகணும்னா படகுதான். ஆத்துல வெள்ளம் வந்தா அதுவும் இல்லை. கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா இருந்த சுலோசன முதலியார், சொந்தப் பணத்தைப் போட்டு இந்தப் பாலத்தைக் கட்டவெச்சார். அவர் மனைவி தன் நகைகளைக் கழட்டிக் கொடுத்தாங்கன்னு ஊருக்குள்ள இன்னிக்கும் பேசுவாங்க. ஜனங்க கரையில காத்துக்கிடக்கிறதைப் பார்த்து, ‘அது அவங்க பாடு’ன்னு அவர் விடல. அவ்ளோதான் விஷயம்! 2023 டிசம்பர் பெருவெள்ளத்துல ஜங்ஷனே தண்ணியில கிடந்தப்பதான், ஆத்தைத் தாண்டுறதுன்னா என்னன்னு நம்ம தலைமுறைக்கும் கொஞ்சம் புரிஞ்சுது.

வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி... பாளை வந்தாச்சு! சேவியர்ஸ், ஜான்ஸ், சாரா டக்கர்னு காலேஜா வரிசைகட்டி நிக்கிற ஊர். காலையில பேக்கும் டிபன் பாக்ஸுமா இறங்குற கூட்டத்துல, கடைசி ஹவரை யோசிச்சுக்கிட்டே இறங்குற ஒருத்தி இன்னிக்கும் இருப்பா.

இறங்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு புராஜெக்ட். நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரு ஸ்டாப், ஒரு வாரம். பஸ் வந்த நேரம், ஏறினது எத்தனை பேர், ஏற முடியாம நின்னது எத்தனை பேர்... ஒரு நோட்டுல எழுதுங்க. எழுதினதை எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை கொக்கிரகுளத்துல இறங்குங்க. கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள். ‘பஸ் சரியா வரலை சார்’னா புகார். ‘4.10-க்கு வரவேண்டியது இந்த வாரம் நாலு நாள் 4.25-க்கு வந்துச்சு, அதனால இத்தனை பேர் ஊர் பஸ்ஸை விட்டாங்க’ன்னா அது ஆராய்ச்சி!

முதலியார் மாதிரி பாலம் கட்ட நம்மகிட்ட பணம் இல்லை. ஒரு நோட்டும் பேனாவும் இருக்குல்லா? ஆரம்பிங்க பாஸ்!