ஒரு பூட்டும் பதினோரு கடிதங்களும்

நன்னூலில் குழூஉக்குறி நடத்தும் நாளில் வகுப்பு கொஞ்சம் கலகலப்பாக இருக்கும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர் என்ற பழைய எடுத்துக்காட்டுகளைச் சொல்லிவிட்டு, நீங்கள் உங்களுக்குள் புழங்கும் சொற்களைச் சொல்லுங்கள் என்பேன். முதலில் தயங்குவார்கள். பிறகு யாராவது ஒருவன் ஆசிரியர்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர்களில் தொடங்குவான். என்னுடைய பட்டப்பெயரை மட்டும் இதுவரை எந்த மாணவனும் சொன்னதில்லை. ஒரு குழு தன் சொல்லை எதுவரை வெளியே விடும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு என்று பாடத்தை முடித்துவிடுவேன்.

மறைத்தெழுதுதல் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான். 2024ஆம் ஆண்டின் இறுதியில் என் நண்பன் ஒருவன் என்னை ஒரு குறியாக்க மென்பொருளின் சோதனைப் பதிப்புக்குள் இழுத்துவிட்டான். அதில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுதவேண்டும் என்று பல மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நண்பனின் ஊர் கடையநல்லூர். மேற்கே மலைத்தொடரும் கருப்பாநதி அணையும், ஊருக்குள் ஒருகாலத்தில் தெருத்தெருவாகத் தறிச்சத்தமும் இருந்த ஊர். அங்கிருந்து இஸ்லாமியக் குடும்பங்கள் பல சிங்கப்பூருக்குப் போய், தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறின. 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்றொரு அமைப்பைத் தொடங்குமளவுக்கு அங்கே அவர்கள் இருந்தார்கள். நண்பனின் பாட்டனார் அப்படிப் போனவர். நண்பனும் இருபது ஆண்டுகளாக அங்கேதான் இருக்கிறான். பிறர் எழுதும் மென்பொருள்களில் பிழை கண்டுபிடிப்பது அவன் தொழில். கல்லூரியில் நாங்கள் ஒரே விடுதி. நான் தமிழ், அவன் இயற்பியல். என் கவிதைகளிலும் அவன் அன்று பிழைதான் கண்டுபிடித்தான்.

அவன் வீட்டுத் தகரப்பெட்டியில் பதினோரு கடிதங்கள் இருந்தன. 1947க்கும் 1953க்கும் இடையில் அவன் பாட்டி சிங்கப்பூருக்கு எழுதியவை. பாட்டனார் ஊர் திரும்பியபோது அவற்றைக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். மொழி தமிழ்தான், எழுத்து அரபு. அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் சொல்லப்படும் இந்த எழுத்துமுறையைக் கீழக்கரை, காயல்பட்டினம் தொடங்கி இலங்கைவரை தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தினார்கள். கீழக்கரையில் 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இம்முறையில் நூல்களே எழுதியிருக்கிறார். அரபியில் உள்ள இருபத்தெட்டு எழுத்துகள் தமிழ் ஒலிகளுக்குப் போதா. எனவே இருக்கும் எழுத்துகளோடு புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். நூன் என்ற எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் ணகரம். தால் என்ற எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்தால் டகரம். பள்ளிக்கூடம் போகாத, ஆனால் குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள் பலருக்கு எழுத்து என்றால் அதுதான். நண்பனின் பாட்டியும் அப்படித்தான்.

இதில் இன்னொரு வசதியும் இருந்தது என்று அவன் குடும்பத்தில் சொல்வார்கள். தமிழெழுத்தில் எழுத வேண்டுமானால் தெருவில் எழுதத் தெரிந்த ஒருவரிடம் போய் மனத்தில் உள்ளதைச் சொல்லவேண்டும். பாட்டிக்கு அது தேவைப்படவில்லை. அவர் எழுதியதைத் தபால்காரரும் படிக்க முடியாது, கடிதம் கைமாறிப்போனாலும் பலரால் படிக்க முடியாது.

2024 டிசம்பரில் நண்பன் விடுப்பில் வந்தபோது, பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவந்த எண்பது வயது கடந்த ஒரு மூதாட்டி அந்தத் தெருவில் இருந்தார். அரபுத்தமிழைத் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவராக அந்தத் தெருவில் அவர் ஒருவரே மிஞ்சியிருந்தார். அவர் வாய்விட்டுப் படிக்க, நண்பன் மடிக்கணினியில் தமிழில் தட்டச்சு செய்தான். ஒன்பது நாட்கள் ஆயின. சில இடங்களில் அந்த அம்மையார் படிப்பதை நிறுத்திவிட்டு, இதையும் எழுதணுமா என்று கேட்டாராம். நண்பனின் தாயார் ஒரு நிபந்தனை விதித்தார். தமிழ் வாத்தியார் தம்பி மட்டும் பார்க்கலாம், வேறு யார் கண்ணிலும் படக்கூடாது, செல்பேசியில் அனுப்பக்கூடாது, ஒரு பிரதிக்குமேல் எங்கும் இருக்கக்கூடாது.

நண்பன் அதை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து தந்தான். நான் படியெடுத்துக்கொண்டதும் தன்னிடம் இருந்ததைத் தாயாரின் கண்முன்னாலேயே அழித்தான். நான் பிழைதிருத்தி, சொற்குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. எப்படி அனுப்புவது என்ற கேள்விக்குத்தான் அவன் குறியாக்கத்தைக் கொண்டுவந்தான்.

*

இந்தத் துறையை எனக்கு விளக்க அவன் உண்டியலை எடுத்துக்காட்டாகச் சொன்னான். கோயிலிலோ பள்ளிவாசலிலோ உண்டியல் எல்லோர் கைக்கும் எட்டும்படி வைக்கப்பட்டிருக்கிறது. யாரும் காசு போடலாம். திறவுகோல் வைத்திருப்பவர் மட்டுமே எடுக்கலாம். போட்டவரே ஆனாலும் திரும்ப எடுக்க முடியாது. பொதுத் திறவுகோல் முறை என்பதும் இதுதான். 1976இல் டிஃபியும் ஹெல்மனும் இந்தக் கருத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் அதற்கொரு கணித வழியைக் கண்டார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே ஆர்எஸ்ஏ. 1991இல் ஃபில் சிம்மர்மன் பிஜிபி என்ற மென்பொருளை வெளியிட்டபோதுதான் அது சாதாரண மனிதர் கைக்கு வந்தது.

திறவுகோலின் வகை மாறும்போதெல்லாம் சிக்கல் வந்திருக்கிறது. 1997இல் பிஜிபியின் ஐந்தாம் பதிப்பு புதுவகைத் திறவுகோலோடு வந்தது. பழைய பதிப்பை வைத்திருந்தவர்களால் அதைக் கையாள முடியவில்லை. 1999இல் வெர்னர் கோக் வெளியிட்ட க்னு பிரைவசி கார்டு, காப்புரிமைத் தடை காரணமாக ஆர்எஸ்ஏயைத் தொடாமலே தொடங்கியது. 2000இல் அந்த உரிமை முடிந்த பிறகே சேர்த்துக்கொண்டது. பிறகு நீள்வளைவுக் கணிதத்தில் அமைந்த சிறிய திறவுகோல்கள் வந்தன. ஆர்எஸ்ஏயில் 384 பைட் தேவைப்படும் இடத்தில் இவற்றுக்கு 32 பைட் போதும். 2014இல் வந்த 2.1 பதிப்பில் இவை இடம்பெற்றன. அதற்கு முந்தைய 1.4, 2.0 பதிப்புகளுக்கு இவை இன்னதென்றே தெரியாது.

இப்போது வந்திருப்பது அடுத்த வகை. குவாண்டம் கணினி போதிய அளவில் உருவானால் மேற்சொன்ன இருவகைப் பூட்டுகளும் உடையும் என்பதைப் பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டிவிட்டார். இன்று திறக்க முடியாததை இன்றே சேமித்துவைத்து, இருபது ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று ஒருவர் காத்திருக்க முடியும். அதற்கு மாற்றாக வந்த கைபர் என்ற முறை 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது. அதன் ஒரு நடுத்தர அளவுப் பொதுத் திறவுகோலே 1184 பைட். க்னு பிரைவசி கார்டின் 2.5.0 என்ற சோதனை வெளியீடு 2024 ஜூலையில் இதை ஏற்கத் தொடங்கியிருந்தது. அதே மாதம் வெளியான புதிய பொதுத்தரத்தை அத்திட்டத்தினர் ஏற்கவில்லை. அவர்கள் வழி தனி, மற்றவர்கள் வழி தனி என்று ஆகிவிட்டது.

இதைக் கேட்டபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. திஸ்கி, டாப், டாம் என்று எழுத்துருக் குறியேற்றங்களில் உழன்ற தலைமுறை நம்முடையது. 1999 சென்னை மாநாட்டில் தரம் வகுத்த பிறகும் ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதிக்கொண்டிருந்தோம். என் முதுகலை ஆய்வேட்டை இன்று திறந்தால் திரை முழுக்கக் கோணல்மாணலான ஐரோப்பிய எழுத்துகள் வருகின்றன. அதை மறைக்கவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை.

*

நண்பன் தனக்கு ஒரு கைபர் திறவுகோல் உருவாக்கி அதன் பொதுப்பகுதியை எனக்கு அனுப்பினான். என் பழைய கணினியில் இருந்த பழைய பதிப்பு அதைப் பயன்படுத்த இயலாத திறவுகோல் என்று தள்ளிவிட்டது. அப்போதே அவனுடைய பழைய ஆர்எஸ்ஏ திறவுகோலால் பூட்டி அனுப்பியிருக்கலாம். அது என்னிடம் இருந்தது. ஆனால் தமிழ் படித்தவனுக்கு இதெல்லாம் வராது என்று அவன் நினைத்துவிடுவானோ என்ற எண்ணம். இரண்டு இரவுகள் விழித்து, சோதனைப் பதிப்பை நிறுவி, அவன் திறவுகோலை ஏற்கவைத்தேன். முதலில் ஒரு வரி வணக்கச் செய்தியைப் பூட்டி அனுப்பினேன். ‘திறந்துட்டுது மாப்ளே’ என்று பதில் வந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் முதல் கவிதை அச்சானபோது ஏற்பட்டதற்குக் குறைந்ததன்று.

இரண்டு மாதம் கழித்துத் திருத்திய பிரதியை அதே திறவுகோலால் பூட்டி அனுப்பினேன். அனுப்பியதும், அவன் தாயாருக்குக் கொடுத்த வாக்கின்படி, என்னிடமிருந்ததை முற்றாக அழித்தேன். பூட்டும்போது என் பெயரையும் பெறுநராகச் சேர்த்திருந்தால் நானும் திறந்திருக்கலாம். சேர்க்கவில்லை. உண்டியலில் போட்டவன் எடுக்க முடியாது என்பதைக் கேட்டுத் தலையாட்டியிருந்தேனே தவிர, அந்த விதி எனக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

நண்பன் அந்நேரம் வேலை மாறிக்கொண்டிருந்தான். என் மடலைப் பிறகு நிதானமாகத் திறக்கலாம் என்று வைத்திருக்கிறான். பழைய நிறுவனத்தின் மடிக்கணினியைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்குமுன் தன் திறவுகோல்களையெல்லாம் பத்திரமாகப் படியெடுத்திருக்கிறான், ஒன்றைத் தவிர. கைபர் திறவுகோலைச் சோதனைக்காகத் தனிக் கோப்புறையில் வைத்திருந்தான். சோதனைக்கு வைத்ததை யார் படியெடுப்பார்கள்?

மென்பொருளில் குற்றமில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அந்தக் கோப்பு இன்றும் என் அஞ்சல்பெட்டியில் இருக்கிறது. அதை அவனாலும் திறக்க முடியாது, என்னாலும் முடியாது. கடிதங்களைப் படித்துச் சொன்ன அந்த அம்மையார் 2025 மழைக்காலத்தில் காலமானார்.

*

இரண்டு மாதம் அவற்றோடு இருந்தவன் என்பதால் கடிதங்களின் செய்தி எனக்கு நினைவிருக்கிறது. வாக்கியங்கள் நினைவில் இல்லை. இலக்கியம் கற்பிப்பவனுக்கு இந்த வேறுபாடு தெரியும். செய்தியைச் சொன்னால் போதும் என்றால் நூல்களைப் பாதுகாக்கவேண்டிய தேவையே இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நான் பிழைதிருத்தினேன் என்றேன் அல்லவா? பாட்டி பேசுவதுபோலவே எழுதியிருந்தார். நான் ஒருமை பன்மை பார்த்தேன். சந்தி போட்டேன். ஊர்வழக்காக இருந்த வினைமுற்றுகளை எழுத்து வழக்குக்கு மாற்றி, மூலத்தை அடிக்குறிப்புக்குத் தள்ளினேன். ஓரிடத்தில் தறிச்சொல் ஒன்று புரியாமல், அது வேறொரு சொல்லின் திரிபாக இருக்கலாம் என்று திருத்தியும்விட்டேன். பூட்டுக்குள் கிடப்பது அந்தப் பிரதிதான். கைவிட்டுப் போனதே நல்லது என்று சில இரவுகளில் நினைத்திருக்கிறேன். அது என்னை நானே தேற்றிக்கொள்வதற்காகவும் இருக்கலாம்.

நண்பனின் தாயாரிடம் உண்மையைச் சொல்ல நேரில் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தகரப்பெட்டி இருந்த திசையைக் காட்டி, ‘எழுதுனது அங்கனதான இருக்கு தம்பி’ என்றார்.

அதன்பிறகு மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சங்கரன்கோவிலிலிருந்து கடையநல்லூருக்குப் பேருந்தில் போய் வருகிறேன். அந்த அம்மாவுக்கு ஓதத் தெரியும். ஆனால் தமிழுக்காகக் கூட்டிய எழுத்துகள் வரும்போது நின்றுவிடுகிறார். என்னிடம் அந்த எழுத்துகளின் பட்டியல் இருக்கிறது. மற்ற எழுத்துகளைக் கோவையாகப் படிக்க எனக்கு வரவில்லை. அவர் ஒலிக்கிறார், நான் பட்டியலைப் பார்த்து நிரப்புகிறேன். பாட்டி அவசரத்தில் புள்ளிகளை விட்டிருக்கும் இடங்களில் இருவரும் திகைக்கிறோம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் மெய்க்குப் புள்ளியிடாமல் விட்டதும், பதிப்பாசிரியர்கள் அதைக் கண்டு திணறியதும் நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருப்பவை. நாற்பது வயதுக்குமேல், ஒரு வரியைப் படிக்க அரைமணி நேரம் உட்கார்ந்தபிறகுதான் அந்தப் பாடத்தின் பொருள் எனக்குத் தெரிகிறது.

இதுவரை இரண்டு கடிதங்கள் முடிந்திருக்கின்றன. நான் திருத்திய தறிச்சொல் இரண்டாம் கடிதத்தில் இருந்தது. அந்த அம்மாவுக்கு அது உடனே விளங்கியது. தறியில் பாவு அறுந்துபோனால் செய்யும் ஒரு வேலைக்கு அவர்கள் வீட்டில் வழங்கிய சொல் அது, திரிபு ஏதுமில்லை. இம்முறை அதை அப்படியே நோட்டில் எழுதினேன். நோட்டு அந்த வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. கடிதங்களில் என்ன இருக்கிறது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு எனக்கு அனுமதி இல்லை.

அஞ்சல்பெட்டியில் உள்ள அந்தக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை. ‘வச்சிரு மாப்ளே, நம்ம பேரன் காலத்துல எவனாச்சும் ஒடைப்பான்’ என்கிறான் நண்பன்.